இரவல் அழுகை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை.

மேலே சிவப்பு விளக்கு. கீழே மைக். நடுவில் அந்த உதடுகள். மேலுதட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மச்சம். அந்த மச்சத்தை எனக்கு என் உள்ளங்கையைவிட நன்றாகத் தெரியும்.

வெளியே ஐப்பசி மழை சாலிகிராமத்தையே முக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் கிடையாது. டப்பிங் தியேட்டருக்குள் மழைக்கு அனுமதி இல்லை. என் துப்பட்டா நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டி, கம்பளத்தை நனைத்தது.

சத்தமில்லாத உதடுகள் எனக்குப் புதிதல்ல. அதுதான் என் பிழைப்பு. திரையில் உதடு அசையும், இருட்டில் நின்று நான் பேசுவேன். தமிழ் தெரியாத நடிகைகளுக்குத் தமிழ் நான்தான்.

ஆனால் இது திரை அல்ல. வெறும் கண்ணாடி. அந்தப் பக்கம் நிற்பவள் மதுரிகா. நிஜமான மதுரிகா.

என் வாய் தானாக அசைய ஆரம்பித்தது.

என் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரி போன் பேசினால் என் உதடும் கூடவே ஓடும். சர்ச்சில் பாஸ்டர் ஜெபம் பண்ணினால் ஆமென் வரைக்கும் துணைக்குப் போகும். "பியூலா, வாய மூடு" என்று என் தங்கை தொடையில் கிள்ளுவாள். மூடினால் ஏதோ குறையும். மறுபடி திறந்துகொள்ளும்.

மதுரிகா தமிழுக்கு வந்த முதல் படத்திலிருந்து அவள் குரல் நான். அவள் சிரித்தால் நான் சிரித்தேன். அவள் மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கியது. ஆனால் ஒருமுறைகூட நாங்கள் சந்தித்ததில்லை. அவள் நடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறந்த பிறகுதான் நான் பேசவே வருவேன். ஒரு பாடல் வெளியீட்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.

அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மற்றவர்கள் கேமரா முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த எண்களுக்கு மேல் நான் காதலைப் பூச வேண்டும். மதுரிகா அப்படி ஒருநாளும் செய்ததில்லை. புரியாத பாஷையை வரிவரியாக மனப்பாடம் செய்து, தூரத்துக் காட்சியில்கூட உதட்டைச் சரியாக அசைத்திருப்பாள். ஒரு நாள் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாக்கியங்கள் தயார் செய்திருக்கிறேன். எல்லா வாக்கியத்துக்கும் அவள் தரப்போகும் பதில் ஒன்றுதான். பியூலா, நீங்கதான் என் குரல்.

அந்த ஒரு பதில் போதும். அதைக் கேட்கத்தான் இந்த மழையில் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் என்னைக் கூப்பிட்டது வேறு காரியத்துக்கு.

இந்தப் படத்துக்கு மதுரிகா தானே பேசிப் பார்க்கிறாள். நான் கேட்டுச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் அவள் குரலே இருக்கும். இல்லையென்றால் வழக்கம்போல் நான். "உன் காதுக்கு மேல யாரு காது பியூலா" என்று டைரக்டர் போனில் சொன்னார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. என் வேலையை நானே தீர்ப்புச் சொல்லி முடித்துவைக்க வேண்டும்.

ஏனென்றால் அவள் ஒருமுறை பேசிவிட்டால், அதன்பின் எல்லாப் படத்திலும் பேசுவாள். மதுரிகா இல்லாமல் நான் யார். கூட்டத்தில் "ஐயோ பாம்பு" என்று கத்துகிற குரல்களில் ஒன்று.

உட்கார முடியவில்லை. எழுந்தேன். உட்கார்ந்தேன். மோதிரத்தைக் கழற்றி மாட்டினேன்.

ஒலிப்பதிவாளர் குணசீலன் ஸ்பீக்கரைத் திறந்தார்.

என் குரல் வந்தது.

ஒரு நொடி எனக்கே தலை சுற்றியது. உதடு அவளுடையது, தொண்டையும் அவளுடையது, ஆனால் பேச்சு என்னுடையது. நான் இழுக்கும் இடத்தில் இழுத்தாள். நான் விசும்பும் இடத்தில் விசும்பினாள். வீட்டை விட்டு வெளியேறும் மனைவி கணவனிடம் சொல்லும் ஒரே ஒரு வரி. "சாவி கதவுலயே இருக்கு." அந்த வரியின் கடைசியில் நான் எப்போதும் போடும் அந்தச் சின்ன நடுக்கம். அதையும் போட்டாள்.

அரைகுறையாக இருந்தது. என்னைப் போல் பேசப் பார்த்து, நானாகவும் இல்லாமல் அவளாகவும் இல்லாமல்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும். வேலை போகாது.

அப்போதுதான் கரன்ட் போனது.

சிவப்பு விளக்கு அணைந்தது. குணசீலன் செல்போன் வெளிச்சத்தோடு ஓடினார். கீழே ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். "எப்ப வரும்னு தெரியாதும்மா, வெளிய போய் நில்லுங்க, மூச்சு முட்டும்" என்று படிக்கட்டிலிருந்து கத்தினார்.

கதவைத் திறந்ததும் மழை ஒரேயடியாகக் காதில் கொட்டியது.

கார் நிறுத்தும் கொட்டகையின் கீழ் நாங்கள் இருவரும். மேலே தகரம். தகரத்தின் மேல் மழை. மதுரிகா முகக்கவசம் போட்டு, துண்டால் தலையை மூடியிருந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"நீங்கதான் பியூலா அக்கா."

என் சுருதியில் என்னை அழைத்தாள். அவள் தமிழ் கற்றுக்கொண்டதே அவள் படங்களைப் பார்த்துத்தானாம். அதாவது என்னிடமிருந்து. வசனம் மாதிரியே பேசினாள். "இந்த நாளுக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா" என்றாள். போன படத்தின் இடைவேளைக்கு முன்னால் நான் பேசிய வரி அது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நான் தயார் செய்து வைத்த வாக்கியங்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. மழைத் தண்ணீரோடு போய்விட்டன.

"டீ குடிக்கலாமா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கேட்டை ஒட்டினாற்போல் ஒரு டீக்கடை. நீலத் தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தொப்பையாகத் தேங்கி நின்றது. கடைக்காரர் அதைக் குச்சியால் குத்தித் தள்ளிவிட்டு மதுரிகாவைப் பார்த்துக் கேட்டார். "சக்கர போடலாமாம்மா?"

மதுரிகா வாயைத் திறந்தாள். முகக்கவசம் அசைந்தது.

"கம்மியா போடுங்கண்ணா."

சொன்னது நான். அவளுக்கென்று நான் வைத்திருக்கும் குரலில். நெஞ்சிலிருந்து வரும், கொஞ்சம் காற்றுக் கலந்த அந்தக் குரலில்.

என் வாய் சும்மா இருக்காது.

கடைக்காரர் பால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவளை அல்ல, என்னைப் பார்த்தார். பெஞ்சில் ஒதுங்கியிருந்த டெலிவரிக்காரரும் திரும்பினார். "அம்மா, அப்டியே மதுரிகா கொரல். கண்ண மூடிக்கினு கேட்டா அந்தப் பொண்ணேதான். இன்னொரு தபா பேசேன்" என்றார் கடைக்காரர்.

எனக்குக் காது மடல் சுட்டது. பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் சுடும். பக்கத்தில் நிற்பவளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் இரண்டு கண்ணாடித் தம்ளர்களையும் வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்து என்னைக் கொட்டகைக்கு அழைத்து வந்தாள். முகக்கவசத்தை இறக்கி ஒரு வாய் குடித்தாள்.

"எனக்கு சக்கர நிறைய வேணும்" என்றாள்.

இந்த முறை அது வசனமாக இல்லை. குரல் கீழே இறங்கியிருந்தது. கொஞ்சம் கரகரப்பு. கொஞ்சம் மூக்கு. ஒடிசாக்காரி தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. முதல்முறையாக அவள் குரலை நான் கேட்டேன்.

"மன்னிச்சிருங்க. பழக்கம்."

"தெரியும். அவருக்கு நீங்கதான் மதுரிகா. எல்லாருக்கும். ஏர்போர்ட்ல செல்ஃபி எடுக்க வருவாங்க. நான் தேங்க்யூ சொல்வேன். அவங்க மூஞ்சி மாறிடும். இந்தக் குரலா அப்டின்னு." அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் உங்கள வெறுத்தேன் அக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

மழை பலத்தது. தகரம் அதிர்ந்தது.

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வாக்கியம் இதுவல்ல. கிளம்பிவிடலாமா என்று தோன்றியது. பை மேலே தியேட்டரில் இருந்தது. ஒரு காலை வெளியே வைத்தேன், முழங்கால் வரை நனைந்தது, திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நாகப்பட்டினம் படம் ஞாபகம் இருக்கா" என்று அவள் கேட்டாள்.

இருக்காதா. கடலுக்குப் போன கணவன் பிணமாகக் கரை ஒதுங்குவான். மதுரிகா மணலில் முட்டி போட்டு அழுவாள். தமிழ்நாடே கூட அழுதது. அந்த அழுகைக்காகத்தான் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜுக்கு மேலே, தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

"அன்னைக்குக் காலையில போன் வந்துச்சு. எங்கம்மா போயிட்டாங்க. ஊர்ல, கட்டக்ல. ஃப்ளைட் சாயங்காலம்தான். கடற்கரையில எல்லாரும் வெயிட்டிங். சரி, இந்த ஷாட் முடிச்சிட்டுப் போறேன்னு சொன்னேன்." தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அது நடிப்பு இல்ல. எங்கம்மாவுக்கு நான் அழுத அழுகை அது. எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் தியேட்டர்ல போய் உக்காந்து பாத்தேன். என் மூஞ்சிதான் அழுவுது. சத்தம் உங்களுது."

ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் கேடயம் கண்ணுக்குள் வந்தது.

"கோவம் வந்துச்சு. என் அம்மாவுக்கு இவங்க யாரு அழறதுக்குன்னு. அப்புறம் அந்த ஒரிஜினல் சத்தம் வேணும்னு கேட்டேன். அது இல்ல, அழிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த நாள் எதுவுமே ஞாபகம் இல்ல அக்கா. நான் கத்துனேனா? என்ன சொன்னேன்? கேட்டவங்க யாருக்கும் ஞாபகம் இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க கேட்டிருக்கீங்க இல்ல?"

அப்போது புரிந்தது. அவள் இந்தப் படத்துக்குப் பேச வந்தது ஒரு பக்கம். என்னைப் பார்க்க இத்தனை நாள் காத்திருந்தது இதற்காக.

ஆமாம். கேட்டிருக்கிறேன். நான் பேசுவதற்கு முன்னால், படப்பிடிப்பில் பதிந்த சத்தத்தை என் காதில் ஓட்டிக் காட்டுவார்கள். எங்கே மூச்சு, எங்கே நிறுத்தம் என்று பிடித்துக்கொள்வதற்காக. கடல் இரைச்சலோடும் யாரோ இருமுவதோடும் அந்தச் சத்தம் என் காதுக்குள் மட்டும் ஓடியது. மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டேன். அதன் பிறகு அதன் மேல் நான் அழுதேன். அதன் பிறகு அதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

வேலை முடிந்ததும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். காது மறக்கவில்லை.

"நீங்க கத்தல" என்றேன்.

அவள் துண்டைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"செஞ்சு காட்டவா?"

தலையாட்டினாள்.

தம்ளரைத் தரையில் வைத்தேன். கண்ணை மூடினேன். மழையைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மழை கடலாகிவிட்டது.

முதலில் அழுகை இல்லை. முதலில் ஒரு மூச்சு, உள்ளே போகாமல் வெளியே மட்டும் வந்த மூச்சு. பிறகு மூக்குக்குள் ஒரு சின்ன முனகல். பிறகு அவள் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டாள். "போவு." கத்தவில்லை. அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல, வந்துவிடுவார் என்பது போல.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நீளமான ஒன்றும் இல்லை. பதில் வருகிறதா என்று பார்த்தாள்.

பதில் வராததால்தான் அழுதாள்.

அந்த ஒன்றும் இல்லாத இடத்தை நான்தான் நிரப்பினேன். "தியேட்டர்ல கேப் விழுந்தா ஜனங்க விசில் அடிப்பாங்க, ஒரு விசும்பல் போடு பியூலா" என்றார்கள். போட்டேன். நன்றாகவே போட்டேன். கேடயம் அந்த விசும்பலுக்குத்தான்.

இப்போது நிரப்பவில்லை. கொட்டகையின் கீழ் அந்த இடத்தை அப்படியே விட்டேன். மழை மட்டும் பெய்தது. பிறகு அந்த அழுகையை, கேட்டது கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தாள். தோள் குலுங்கியது. சத்தம் வந்தது. அவள் சத்தம். என் உதடு துடித்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து மூக்கைத் துண்டில் துடைத்தாள்.

"கத்தினேன்னு நெனச்சேன்" என்றாள். "அம்மா கூப்பிட்டா, நானும் அப்டித்தான் பதில் சொல்லாம இருப்பேன். சின்ன வயசுல. விளையாட்டுக்கு."

பிறகு என் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். இருக்கிறார்கள், ராயபுரத்தில், மீன் வாங்கப் போனால் கடைக்காரியோடு சண்டை போடாமல் வரமாட்டார்கள் என்றேன். அவள் அம்மாவும் அப்படித்தானாம். இருவரும் நெத்திலியைப் பற்றியும் முள் சிக்கிய தொண்டையைப் பற்றியும் பேசினோம். சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு டீ வாங்கினேன். சர்க்கரையை நிறையப் போடச் சொன்னேன், என் சொந்தக் குரலில். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கரன்ட் வந்தது.

அவள் மைக் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், குணசீலன் பக்கத்தில். உட்கார முடியவில்லை. நின்றேன்.

திரையில் மனைவி பையைத் தூக்குகிறாள். வாசலில் திரும்புகிறாள்.

"சாவி கதவுலயே இருக்கு."

நடுக்கம் இல்லை. விசும்பல் இல்லை. கரகரப்பு, கொஞ்சம் மூக்கு, தமிழ் கொஞ்சம் வளைந்து. சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றாள், பதில் வருமா என்று. வரவில்லை. கதவு சாத்தியது.

குணசீலன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரிலிருந்து கையை எடுத்தார். அவர் இன்னொரு கையில் போன் இருந்தது. ஸ்பீக்கரில் டைரக்டர். "என்ன பியூலா? ஓகேவா, இல்ல நீ பேசிடறியா?"

"சுமார் சார்" என்றால் போதும். ஒரே ஒரு சொல். அவள் காதில் விழக்கூட விழாது, கண்ணாடி தடித்த கண்ணாடி. நாளைக்கு நான் அந்த மைக் முன்னால் நிற்பேன். அந்தச் சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களே இருக்கட்டும் சார்."

"தமிழ் இடிக்குதே?"

"இடிக்கட்டும் சார். அது அவங்க வாய்."

பிறகு "யோசிச்சுத்தான் சொல்றியா" என்றார். "ஆமா சார்" என்றேன். அதற்கு மேல் ஏதாவது கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, வைத்துவிட்டார்.

"அப்ப நீ?" என்றார் குணசீலன்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். படிக்கட்டில் இறங்கினேன்.

கேட்டில் அவள் கார் நின்றது. மழை விட்ட பாடில்லை. நான் டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கியிருந்தேன். கார் என் அருகில் வந்து மெதுவானது. பின் சீட்டில் அவள். கண்ணாடி ஏற்றியிருந்தது. கண்ணாடியின் மேல் தண்ணீர் வழிந்தது. தண்ணீருக்குப் பின்னால் அந்த மச்சம்.

உதடுகள் அசைந்தன. என்னிடம் ஏதோ சொன்னாள். நீளமாகத்தான் சொன்னாள்.

அந்த உதடுகளை என்னைவிட நன்றாகப் படிப்பவர் கிடையாது. இத்தனை வருஷமும் அவள் வாய் அசைந்தால் அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று நான்தான் முடிவு செய்தேன். இப்போதும் நான் விரும்பிய எதையும் அதற்குள் வைத்துவிடலாம். நீங்கதான் என் குரல் என்றுகூட வைக்கலாம். சரியாகப் பொருந்தும்.

வைக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன்.

கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. திருப்பத்தில் மறையும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. தார்ப்பாயின் மேல் மழை.

என் வாய் சும்மா இருந்தது.